அப்டேட்டு விட்ட படகுகள்

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் எங்கள் பசியாவரத்தில் எது பாதியில் நின்றாலும் அப்டேட்டுதான் காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அப்டேட்டு என்பது ஊர் அவனுக்கு வைத்த பட்டப்பெயர்; போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். கடைக்குப் பலகை உண்டு. அதில் பெயர் பாதிதான். அவன் சரிசெய்து கொடுத்த என் போனில் நான் பேசுவது எதிராளிக்குக் கேட்கும். அவர் பேசுவது எனக்குக் கேட்காது.

"இப்போதிக்கு வச்சுக்கோண்ணா, மீதி அடுத்த அப்டேட்ல வந்துடும்" என்பான்.

இவன் எங்கள் ஏரியை வைத்து ஒரு போன் விளையாட்டு செய்தான். வருடக்கணக்கான உழைப்பு. முதலில் வெளியிட்டபோது மீன்கள் வானத்தில் நீந்தின. அடுத்ததில் மீன்கள் இறங்கிவிட்டன. ஏரியில்தான் தண்ணீர் இல்லை.

"இன்னாடா, கடத்தண்ணி வர்ற முகத்துவாரம் அடைச்சிக்கிச்சா?" என்று ஊரே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

மூன்றாம் முறை, எங்கள் ஊர்ப் படகுகளை அதே பெயர், அதே வர்ணத்தோடு சேர்த்து வெளியிட்டான்.

எங்கள் ஊரில் கடலுக்குக் கிளம்பும் யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. 'போய்ட்டு வரேன்' என்றுதான் சொல்வார்கள். அப்டேட்டின் படகுகளோ முகத்துவாரம் தாண்டிப் போயின. ஒன்றுகூடத் திரும்பவில்லை.

அன்று பலத்த காற்று. செல்வி அக்காவின் புருஷன் நிஜமாகவே கடலில் இருந்தார். விளையாட்டில் அவர் படகும் திரும்பாததைப் பார்த்துவிட்டு அக்கா போனோடு கடைக்கு ஓடினாள்.

"டேய், எங்க ஊட்டுக்காரு படகு எங்கடா?"

"போறது மட்டுந்தான்க்கா முடிச்சேன். வர்றது இன்னும் எழுதல."

"அத்த எழுதாம இன்னா அவசரத்துக்குடா வுட்ட?"

"அடுத்த அப்டேட்ல கண்டிப்பா வந்துடுவாருக்கா."

"அதுவரிக்கும் தாலிய கழட்டி உன் கடையில மாட்டட்டுமா?"

சாயங்காலம் அவர் மீனோடு வந்து சேர்ந்தார். ஆனாலும் ஊர்க்கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அந்த விளையாட்டு இருக்கும்வரை படகு இறக்க மாட்டோம் என்றார்கள்.

"ஒரே ஒரு வாரம் குடுங்க நைனா, எல்லாரையும் கரைக்குக் கொண்டாந்துடறேன்" என்று கெஞ்சினான். எதையாவது முடித்துத் தருகிறேன் என்று அவன் கெஞ்சியது அன்றுதான். யாரும் நம்பவில்லை.

விளையாட்டை அழித்தான். அவன் முழுசாகச் செய்து முடித்த ஒரே வேலை அதுதான்.

பிறகு சென்னையில் வேலை என்று கிளம்பினான். கடையைக்கூடப் பாதிதான் காலி செய்தான். அக்கரைப் படகில் ஏறி என்னைப் பார்த்து, "போய்ட்டு..." என்றான். அதற்குள் படகு நகர்ந்துவிட்டது.

மீதி இன்னும் வரவில்லை. எத்தனை குறையோடு வந்தாலும் பரவாயில்லை, வந்தால் போதும்.