மெய்விளக்கும் மஞ்சள் நாற்காலியும்

ஜீலாங் நகரத்தில் அந்த வாரம் மூளைக்கு மட்டும் விடுமுறை. பழைய கம்பளிக் கிடங்கில் நடக்கும் கூட்டு அலுவலகத்தின் வாசலில் புதன்கிழமை காலை எட்டரைக்கே வரிசை நடைபாதைக்கு வந்துவிட்டது. ஒருத்தி தோளில் சுருட்டிய கம்பளம். இன்னொருவர் தலையில் கவிழ்த்த மேசை. அலைச்சறுக்குப் பலகைகளுக்குப் படம் வரையும் கெல்வின் கையில் கள்ளிச்செடித் தொட்டி. எல்லாம் ஃபெர்கஸின் விளக்குக்குக் காட்டத்தான்.

தனித்தனித் தொழில் செய்பவர்கள் மாத வாடகைக்கு ஆளுக்கொரு மூலை பிடித்து உட்காரும் இடம் அது. மேசை, நாற்காலி, சுவரின் நிறம் எல்லாம் அவரவர் விருப்பம். 'உங்கள் மூலை, உங்கள் முகம்' என்று நிர்வாகி மார்னி வாசலில் எழுதியிருந்தாள். நல்ல ஏற்பாடுதான், ஃபெர்கஸ் வரும்வரை.

திங்கட்கிழமை அவர் வெறுங்காலோடு வந்தார். செருப்புப் போடாதவர் பொய் சொல்லமாட்டார் என்று அங்கே பலருக்கும் ஒரு நம்பிக்கை. பழைய சொந்தக்காரர்களின் துக்கம் பொருள்களில் தங்கிவிடுமாம். அப்படிப்பட்ட பொருளின் அருகே போனால் அவருடைய மெய்விளக்கு மினுக்மினுக்கென்று துடிக்குமாம். கம்பியில்லாத, உருண்டை வெள்ளை விளக்கு. துடிக்கவும் துடித்தது. விளக்கைத் துடிக்க வைத்த பொருளெல்லாம் மாநகராட்சிக் குப்பை வண்டிக்காகத் தெருவோரம் போனது. காலியான மூலைகளுக்குத் துக்கமே படாத புது மேசை, நாற்காலிகள் வேண்டுமே! அவை ஃபெர்கஸிடமே விலைக்குக் கிடைத்தன. என்ன ஒரு வசதி!

டெஸ்லி வரிசையில் நிற்கவில்லை. நீதிமன்ற ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்பவர் அவர். இடுப்பு எலும்பு தேய்ந்துபோனதால் எந்த நாற்காலியிலும் பத்து நிமிடம் தாங்காது. யாரோ தெருவில் போட்டிருந்த ஒரு மஞ்சள் நாற்காலியை எடுத்துவந்து, கால்களுக்கடியில் கட்டை அடித்து, தன் இடுப்புக்குத் தோதாக்கி வைத்திருந்தார். பார்க்கச் சகிக்காது. அதனால்தான் மார்னி அவரை இணையப் பெட்டி இருக்கும் கடைசி மூலைக்கு அனுப்பியிருந்தாள். "டெஸ்லி, நெட் நின்னுடுச்சு, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் அணைச்சுப் போடுங்களேன்!" அதற்கு மேல் அவரோடு யாரும் பேசியதில்லை.

அன்று மதியம் விளக்கே அவரைத் தேடி வந்தது. மஞ்சள் நாற்காலியின் முன்னால் படபடவென்று துடித்தது.

"இதுல ஒரு சாவு இருக்கு" என்றார் ஃபெர்கஸ், கண்ணை மூடிக்கொண்டு.

"யாரோட சாவு?" என்றார் டெஸ்லி மெதுவாக.

"அதெல்லாம் சொல்லாது. அதுக்கு வலிக்கும்."

மார்னி கையைப் பிசைந்தாள். "வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பார்த்துடலாம். அப்பவும் துடிச்சா நாற்காலி வெளிய. மனசுல வச்சுக்காதீங்க டெஸ்லி, எல்லாரோட நல்லதுக்கும்தான்."

"அது போனா நானும் போகணும் மார்னி. வேற எதுலயும் என்னால உட்கார முடியாது."

"அவர்கிட்டதான் நல்ல நாற்காலி இருக்கே!" என்றான் கெல்வின்.

என் இடுப்பை நீ வாங்கிக்கோ, நான் அந்த நாற்காலியை வாங்கிக்கறேன் என்று டெஸ்லிக்கு வாய்வரைதான் வந்தது.

வியாழக்கிழமை நெட் நின்றது. வழக்கம்போல டெஸ்லி பெட்டியை அணைத்தார். அதே நேரம் ஃபெர்கஸ், அன்றுதான் முறை வந்த கெல்வினின் கள்ளிச்செடியை விசாரித்துக்கொண்டிருந்தார். விளக்கு துடிக்கவில்லை. அவர் கால்சட்டைப் பைக்குள் கைவிட்டுத் துழாவினார். "ஆவிங்க தியானத்துல இருக்கு" என்றார். பெட்டியில் பச்சை விளக்கு திரும்ப எரிந்தது. தியானம் முடிந்தது. கள்ளிச்செடி தெருவுக்குப் போனது.

டெஸ்லியின் கை பெட்டியின் மேலேயே நின்றுவிட்டது. திங்கட்கிழமை உள்ளே நுழைந்ததும் இந்த மனுஷன் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. முதலில் கேட்டது வைஃபை கடவுச்சொல்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தின் முப்பது பேரும் கூடிவிட்டார்கள். ஃபெர்கஸ் விளக்கை ஏந்தி மஞ்சள் நாற்காலியை நெருங்கினார். துடிக்கவில்லை. சுற்றி வந்தார். துடிக்கவில்லை.

"ஐயோ, நெட் போச்சு!" என்று கெல்வின் அலறினான். "டெஸ்லி, பெட்டி!"

"தெரியும். நான்தான் பிடுங்கினேன்."

எல்லாருக்கும் தூக்கிவாரிப்போட்டது. நாற்காலியில் சாவு இருக்கிறது என்றபோதுகூட இத்தனை கூச்சல் இல்லை.

டெஸ்லி ஃபெர்கஸ் பக்கம் திரும்பினார். "ஒரே ஒரு சந்தேகம் ஃபெர்கஸ். ஆவிக்கும் வைஃபை வேணுமா?"

"இங்க கெட்ட அலை அடிக்குது" என்றார் அவர்.

"அடிக்கட்டும். உங்க விளக்கு ஏன் அடிக்கல?"

டெஸ்லி குனிந்து பெட்டியின் கம்பியைத் திரும்பச் செருகினார். ஃபெர்கஸ் விளக்கை மார்போடு அணைத்தபடி வாசல் பக்கம் நகர்ந்தார். பைக்குள் இருந்த கை மட்டும் சும்மா இருக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் நெட் திரும்பி, கெல்வினின் போன் கிணுகிணுத்தது. உடனே விளக்கும் துடித்தது, ஃபெர்கஸின் நெஞ்சிலேயே.

"யப்பா!" என்றான் கெல்வின். "இவருக்குள்ளதான் எல்லாச் சாவும் இருக்கும்போல!"

"கையை வெளிய எடுங்க" என்றாள் மார்னி. கையோடு போனும் வந்தது. திரையில் விளக்கின் படம். அதன் கீழே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பொத்தான்.

ஃபெர்கஸ் ஓடினார். அவருடைய காரில் ஒரு நல்ல ஜோடி ஷூ இருந்ததை அன்றுதான் பார்த்தார்கள். முப்பது பேரும் பின்னாலேயே ஓடினார்கள், அவரைப் பிடிக்க அல்ல. குப்பை வண்டி வருவதற்குள் தங்கள் மேசைகளைக் காப்பாற்ற.

டெஸ்லி மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்தார். அது க்ரீச்சிட்டது. கள்ளிச்செடியோடு திரும்பி வந்த கெல்வின் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"டெஸ்லி... அது என்ன சத்தம்?"

"ஸ்க்ரூ."

நின்றுபோன பெட்டியை அணைத்துப் போட அந்த அலுவலகத்தில் டெஸ்லி இருக்கிறார். கழுத்துக்கு மேலே இருக்கும் பெட்டியை அவரவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.