டிரான்சிஸ்டர்களின் இறப்புப் பதிவேடு

செத்துப்போன டிரான்சிஸ்டருக்கு எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்திய முதல் ஆள் பெங்களூரிலேயே ஸ்பார்க்தான். அல்சூர் மகளிர் விடுதியில் என் பக்கத்து அறைக்காரி. சொந்தப் பெயர் அவளுடைய ஆதார் அட்டையில் மட்டும் இருந்தது.

அவளுக்கு வேலை போய் மூன்று மாதமாகியிருந்தது. புதிய கம்பெனி ஒன்று சோதனை வைத்தது: சின்ன பேட்டரியில் ஓடி, பல ஆயிரம் வோல்ட் பொறி எழுப்பும் சர்க்யூட்டை அவளே செய்துவர வேண்டும், எல்லாம் எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பாகங்களாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை கெடு. தவறினால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

பழைய ஸ்கூட்டரின் இக்னிஷன் காயில் ஒன்று கிடைத்தது, பொறியைக் கிளப்பும் கம்பிச்சுருள். அதற்கு மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்புவது டிரான்சிஸ்டரின் வேலை. இரண்டு நிமிடம் உழைக்கும். பிறகு ‘டப்’.

"நமக்காக உயிர விட்டிருக்கு. எந்திரிடி" என்பாள். எழுந்து நிற்பேன். அப்புறம் பதிவேட்டில் எழுதுவது என் பொறுப்பு: எண், நேரம், கம்பி முனைகளுக்கு நடுவே பொறி தாண்ட வேண்டிய இடைவெளி, காரணம். காரணத்தை அவள்தான் சொல்வாள். நான்காவதற்கு ‘அவசரம்’. ஆறாவதற்கு ‘மனவருத்தம்’.

கருகிய வாடைக்கு விடுதி ஆன்ட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்னம்மா இது? ஹாஸ்டலா, சுடுகாடா?"

"மெதுவா பேசுங்க ஆன்ட்டி. துக்க வீடு."

ஆன்ட்டி செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார்.

ஞாயிறு மாலை மிஞ்சியது ஒரே ஒரு டிரான்சிஸ்டர். கடைகள் திறந்திருக்கவில்லை. ஸ்பார்க் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் பதிவேட்டை முதலிலிருந்து படித்தேன். பொறி பெரிதாக வர வேண்டுமென்று ஒவ்வொரு முறையும் கம்பி முனைகளை விலக்கிக்கொண்டே போயிருந்தாள். எல்லா மரணமும் அகல இடைவெளியில்.

"தாண்ட முடியாத கரண்ட்டு எங்கடி போகும்?" என்றேன்.

"திரும்பி வந்து டிரான்சிஸ்டர் தலையிலதான்..." நிறுத்தினாள். "அய்யோ, எல்லாத்தையும் நான்தான் கொன்னேனா?"

முனைகளை நெருக்கினாள். திரும்பி வரும் அடியைத் தாங்க கையிலிருந்த ஒரு ரெசிஸ்டரையும் கண்டென்சரையும் டிரான்சிஸ்டருக்குக் குறுக்கே வைத்தாள். ஊதாப் பொறி ஒரு மணி நேரம் நிற்காமல் வந்தது.

கம்பிகள் துருத்திக்கொண்டிருக்கும் பெட்டியோடு மெட்ரோவில் விடமாட்டார்கள் என்று மறுநாள் காலை ஆட்டோவில் போனோம். பள்ளம் வந்தபோதெல்லாம் பெட்டியை அவள் பிடித்துக்கொண்டாள், அவளை நான். அவள் உள்ளே போனபின் கம்பெனி வாசலில் இரண்டு மணி நேரம் நின்றேன்.

ஓடி வந்தாள். "உயிரோட இருக்குடி!"

"வேலை?"

"ஓ, அதுவா. அதுவும் கெடச்சுது."

அன்று நான் ஏன் ஆபீசுக்கு லீவு போட்டேன் என்று அவள் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால், காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று எனக்கும் தெரிந்திருக்காது.