போகாதீங்க ரிக்கோ!

பாடகர்களில் விடைபெறும் பாடகர் என்று ஓர் இனம் உண்டு. அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். நான் அந்த இனம்தான்.

எங்கள் ஜெர்மனியில் இவரை அடையாளம் காண்பது சுலபம். ஒரே ஒரு பாட்டு, அதுவும் உங்கள் அப்பா மீசை முளைக்காமல் திரிந்த காலத்தில், ஓகோ என்று ஓடியிருக்கும். அதில் இத்தாலி வரும், கடல் வரும், கண்ணீர் வரும்; பாடியவர் இத்தாலிப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார். மேடையில் பெயர் ரிக்கோ மரீனோ. வீட்டில் ஹார்ட்விக் பெக்கல். பாட்டு ஒலிப்பதிவிலிருந்து வரும், இவர் வாயைத் திறந்து மூடுவார். "குரல் அப்படியே இருக்கே!" என்று ஜனங்கள் வியப்பார்கள். இருக்காதா பின்னே?

அழைப்புகள் குறைந்ததும் 'கடைசிச் சுற்றுப்பயணம்' அறிவிப்பார். நான் ஆறு முறை அறிவித்தாயிற்று. தழுதழுத்து விடைபெற்று, கையைத் தூக்கியபடி நிற்பேன். முன்வரிசையில் ஒரு பெண்குரல், "போகாதீங்க ரிக்கோ!" என்று அலறும். உடனே கூட்டமே அலறும். நானும் மனமிரங்கி இன்னொரு வருடம் இருப்பேன். அந்தக் குரல் என் மனைவி குட்ரூனுடையது என்பது நமக்குள் இருக்கட்டும்.

போன சனிக்கிழமை போட்ரோப் என்ற ஊரில் ஒரு சோபாக் கடைத் திறப்பு விழா. விடைபெற்றேன். கையைத் தூக்கினேன். சத்தமே இல்லை. யாரோ தின்றுகொண்டிருந்த சாசேஜுக்கு இன்னும் கொஞ்சம் கடுகுச் சாந்து கேட்டார்கள். கை வலித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயமாகவும் இருந்தது. ஒருவரும் இருக்கச் சொல்லாவிட்டால் நிஜமாகவே போக வேண்டுமே, எங்கே போவேன்?

கடைச் சிப்பந்தி ஒருவர் வந்தார். "முடிஞ்சுதுங்களா சார்? மேடையப் பிரிச்சா அலமாரிய இங்க வெச்சிருவோம்."

குட்ரூனைத் தேடினேன். விற்பனைக்கு வைத்திருந்த சாய்வு சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கத்தலையா? நான் போறேன்னு சொல்லிட்டு மரம் மாதிரி நின்னேன்!"

ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "நிஜமாவே போறீங்களா? முன்னாடியே சொல்லியிருந்தா முழிச்சிருந்து கேட்டிருப்பேன்ல?"

அடுத்த மாதம் ஏழாவது முறையாக விடைபெறுகிறேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் சங்கக் கூட்டத்திலோ சம்பந்தி வீட்டிலோ "எனக்கென்ன, நான் ஒதுங்கிக்கறேன்" என்று எழுந்த பிறகு, செருப்பை மாட்ட உங்களுக்கு மட்டும் ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது? எழுந்திருக்குமுன் ஒன்று செய்யுங்கள். உங்கள் குட்ரூன் விழித்திருக்கிறாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.