நாலு அங்குலம் கீழே, ஆறு அங்குலம் மேலே

லோமா சேக்கா,
எஸ்பானோலா வழி,
மே 12

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஃபாகுந்தோ அவர்களுக்கு,

தங்கள் தங்கை எலோய்சாவின் கணவன் ஒனேசிமோ பணிவுடன் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நானும் பதினோரு கோழிகளும் சுகம். அங்கே தாங்களும், பத்து நாளாகத் தங்கள் வீட்டில் இருக்கும் என் மனைவியும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசலாம் என்றால் அவள் எடுப்பதில்லை. நீங்கள் எடுத்தாலோ, "அவ தோட்டத்துல இருக்கா மாப்ளே" என்கிறீர்கள். பத்து நாளாக ஒரு மனுஷி தோட்டத்திலேயேவா இருப்பாள்? அதனால்தான் கடிதம். என் மகளைக் கட்டின மருமகன் வேட் நாளைக்கு உங்கள் ஊர் வழியாகப் போகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினைந்தாம் தேதி உழவர்களின் புனிதர் சான் இசித்ரோ திருநாள். இந்த வருஷம் கோயில் பொறுப்பு எங்கள் இருவருக்கும் வந்திருக்கிறது. புருஷனும் பெண்சாதியுமாக வண்டியின் முன்னால் உட்கார்ந்து, பின்னால் அவருடைய சுரூபத்தை ஏற்றி, ஃபாதர் கூட நடந்து வர, வயல் வயலாகப் போய் மந்திரிப்பு நடக்க வேண்டும். பக்கத்து சீட் காலியாக இருந்தால் ஊர் என்ன பேசும்? ஊர் கிடக்கட்டும், எனக்கே பிடிக்கவில்லை மச்சான். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவன் நான். அறுபது பிள்ளைகள் பின்னால் கத்தினபோது வராத தலைவலி, இந்தப் பத்து நாள் அமைதியில் வந்துவிட்டது.

எல்லாம் என் பிக்கப் வண்டியால் வந்த வினை. வண்டி பாட்டுக்கு வண்டியாக இருந்தது. லெந்து நோன்புக் காலத்தில் உங்கள் மருமகப்பிள்ளை, என் மகன் மக்லோவியோ, பட்டறையிலிருந்து வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "என்னப்பா இது, கொக்கு மாதிரி நிக்குது? நாலு அங்குலம் எறக்குனா ராஜா மாதிரி இருக்கும்ல?" என்றான். எனக்கும் வேலையில்லை, சரி என்றேன். சீட்டைக் கழற்றும்போது பின்னாலிருந்து ஒரு பழைய மரப்பெட்டி விழுந்தது, ஆப்பிள் அடுக்குகிற பெட்டி. "இது எதுக்குப்பா இங்க?" என்றான். உன் அம்மா மிளகாய் அள்ள வைத்திருப்பாள், கொட்டகையில் போடு என்றேன். வண்டியை இறக்கினான். இறக்கின வண்டியில் லாபம் இல்லாமல் இல்லை மச்சான், நியாயத்தைச் சொல்ல வேண்டும். வளைவில் ஆடாது, காற்று தள்ளாது, பார்க்கவும் லட்சணம். நோன்பு முடிந்த பாஸ்கு ஞாயிறு சாயங்காலம் எஸ்பானோலா பெரிய வீதியில் நடக்கிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனோம். எலோய்சா சோபாவில் உட்காருகிற மாதிரி பொத்தென்று உட்கார்ந்து, ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் கையாட்டினாள். "இன்னொரு சுத்துப் போவோமாங்க?" என்று மூன்று தடவை கேட்டாள். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில் அவள் ஒன்றை மூன்று தடவை கேட்டு நான் பார்த்ததில்லை. இவளுக்கு ஊர்கோலத்தில் இவ்வளவு ஆசையா என்று நினைத்துக்கொண்டேன்.

நஷ்டம் திங்கட்கிழமையே வந்தது. மலையிலிருந்து பாதி லோடு விறகுதான் ஏற்றினேன், பின் பம்பர் ரோட்டில் தேய்ந்து பொறி பறந்தது. அதோடு விட்டதா? நம் வயலுக்குப் போகிற வாய்க்கால் மேட்டில் வண்டியின் வயிறு தட்டி, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் தராசு மாதிரி ஆடிக்கொண்டு நின்றது. வாய்க்காலில் அன்றைக்குத்தான் முதல் தண்ணீர் விட்டிருந்தார்கள். தண்ணீர் முழுக்க என் வண்டியில் மோதித் திரும்பி, பக்கத்து வீட்டு புருதென்சியா அக்காவின் பூண்டுப் பாத்திக்குள் போனது. அந்த அம்மாள் கரையில் நின்று, "ஏய்யா ஒனேசிமோ, வண்டி ஓட்டுறியா, அணை கட்டுறியா?" என்றாள். பூண்டு போன கோபம் அவளுக்கு.

மாப்பிள்ளை வேட் அமரில்லோக்காரர், அவர் ஊரில் வண்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு மரியாதையாம். சங்கிலி போட்டு என்னை வெளியே இழுத்தவரும் அவர்தான். இழுத்துவிட்டு, "மாமா, வாய்க்கால்ல சாமியையும் மாட்டி வைக்கப் போறீங்களா? தூக்கிருவோம், ஆறே அங்குலம்" என்றார். மக்லோவியோ, "தூக்குங்க மச்சான், தூக்குங்க, அப்பாவுக்கு ஒரு பாராசூட்டும் வாங்கிக் குடுத்துருங்க" என்றான். சுரூபத்தை வாய்க்காலில் மாட்டவிடுவதா என்ற பயத்தில் சரி என்றுவிட்டேன். தூக்கின வண்டியிலும் லாபம் உண்டு. கல்லு, பள்ளம், சேறு, எதற்கும் அஞ்ச வேண்டாம். புருதென்சியா அக்காவின் மதிலுக்கு மேலே அவள் வீட்டு முற்றமே தெரிகிறது, திரைச்சீலை மாட்டிவிட்டாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது எலோய்சா வண்டிக்குக் கீழே நின்று கதவின் கைப்பிடியை அண்ணாந்து பார்த்தாள். வேட் ஓடிப்போய் அலுமினிய ஏணி கொண்டுவந்தார். ஏறிவிட்டாள். கோயில் வாசலில்தான் வினை. ஊரே நிற்க, ஏணி வீட்டிலேயே இருக்க, இறங்க முடியவில்லை. "குதிச்சிரு, நான் பிடிச்சுக்கிறேன்" என்றேன். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பூசை முழுக்க வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து பார்த்தாள். ஃபாதர் நல்ல மனுஷர், நன்மை அப்பத்தை அங்கேயே கொண்டுவந்து, நுனிக்காலில் நின்று ஜன்னல் வழியாகக் கொடுத்தார். மறுநாள் காலையில் மேசை மேல் சீட்டு: "நான் ஏறுற மாதிரி வண்டி இருந்தா வர்றேன்." கையெழுத்துகூடப் போடவில்லை.

அதற்கப்புறமும் எனக்குப் புத்தி வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். போன சனிக்கிழமை பவனிக்கு ஒத்திகை பார்த்தோம். திருநாளுக்கு முன்னால் சுரூபத்தை வெளியே எடுக்கக் கூடாது என்று ஃபாதர் சொல்லிவிட்டதால், சான் இசித்ரோவுக்குப் பதிலாக அதே உயரத்தில் ஒரு மூட்டை மிளகாய்ப்பொடியை ஏற்றினோம். பீடத்துக்கு அந்தப் பழைய ஆப்பிள் பெட்டி. வேட் ஓட்டினார், ஃபாதர் பின்னால் செபம் சொல்லி நடந்தார், மக்லோவியோ மட்டும், "வளைவு இடிக்கும், பாத்து" என்று கத்திக்கொண்டு வந்தான். இடித்தது. கோயில் வாசல் வளைவில் மூட்டை சிக்கிக் கிழிந்து, இரண்டு வருஷத்து மிளகாய்ப்பொடியும் ஃபாதர் தலையில் கொட்டியது. அவர் தும்ம, பாட்டுக்காரர்கள் தும்ம, ஒரு மணி நேரம் எந்தச் செபமும் முடியவில்லை. சான் இசித்ரோவே அங்கே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆகவே மச்சான், நிதானமாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இறக்கினால் வாய்க்கால் விடாது, ஏற்றினால் கோயில் விடாது. வண்டியைச் செய்தவன் முட்டாள் இல்லை, அவன் வைத்த உயரம்தான் உயரம். மகனையும் மருமகனையும் ஒன்றாக உட்கார வைத்து, நேற்று பழைய ஸ்பிரிங் பட்டைகளையே மாட்டச் சொன்னேன். இருவரும் இழவு வீட்டில் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மாட்டினார்கள். இப்போது வண்டி, எலோய்சா இத்தனை வருஷம் சந்தோஷமாக ஏறி இறங்கின அதே பழைய உயரத்தில் நிற்கிறது. ஒரு நூல் அளவும் கூடக் குறைய இல்லை, டேப் வைத்து அளந்தேன். இனி அவள் வராமலிருக்க ஒரு காரணமும் கிடையாது. இதை அவளுக்கு நன்றாக எடுத்துச் சொல்லி, திருநாளுக்கு முன்னால் பஸ் ஏற்றிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வீட்டில் அடுப்பு அணையாமலும், தோட்டத்தில் தண்ணீர் வற்றாமலும் இருக்கச் சான் இசித்ரோவைப் பிரார்த்திக்கிறேன். அத்தாச்சிக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
ஒனேசிமோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது புருதென்சியா அக்கா வந்தாள், கையில் ஒத்திகையன்று கோயில் வாசலில் விட்டுவந்த அந்த ஆப்பிள் பெட்டி, மிளகாய் போகக் கழுவி. "இந்தா, எலோய்சா பெட்டி, பத்திரமா வை" என்றாள். மிளகாய்ப் பெட்டிதானே அக்கா, அவசரமில்லை என்றேன். "மிளகாய்ப் பெட்டியா? முட்டி போனதுலேர்ந்து ரெண்டு வருஷமா இதப் போட்டுத்தானேய்யா அவ உன் வண்டியில ஏறுறா. ஏறிட்டு, கயித்தக் கட்டி மேல இழுத்து, சீட்டுக்குப் பின்னால வச்சுக்குவா. நீ அந்தப் பக்கம் ஒக்காந்து, 'ஏறிட்டியா, ஏறிட்டியா'ன்னு இன்ஜின உறுமிக்கிட்டிருப்பே" என்றாள். பார்த்தேன். பெட்டியின் ஓரத்தில் கயிறு இருக்கிறது மச்சான். எலோய்சாவின் பழைய அங்கிக் கயிறு.

மேலே எழுதின எதையும் அவளிடம் படித்துக் காட்ட வேண்டாம். மக்லோவியோவைக் கூப்பிட்டுவிட்டேன், ராத்திரிக்குள் நாலு அங்குலம் இறங்கிவிடும். விறகை வேட் கொண்டுவரட்டும். வாய்க்கால் மேட்டுக்கு இந்தப் பக்கம் வரை வண்டியில் வருகிற சான் இசித்ரோவை, அந்தப் பக்கம் நாலு பேர் தோளில் சுமக்கட்டும், அவர் நடந்தே பழகின உழவர்தானே. கடிதத்தையும் வேடிடம் கொடுக்கப் போவதில்லை, நானே கொண்டுவருகிறேன். நீங்கள் இதைப் படிக்கும்போது நான் உங்கள் வாசலில்தான் நிற்பேன், கொஞ்சம் எட்டிப் பாருங்கள். அவள் தோட்டத்தில் இருந்தால் அவசரமில்லை, இருக்கட்டும். இந்தத் தடவை இறங்கி, அந்தப் பக்கம் போய், கதவை நான் திறந்துவிடுகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.