இணைப்பு ஒன்று: காலிப் பெட்டி

எங்கள் அலுவலகத்துக்குப் புது இயக்குநர் வந்தால் முதல் மாதம் நாற்காலிகளைத் திருப்பிப் போடுவார், இரண்டாம் மாதம் எங்களைத் திருத்துவார். இப்போதிருக்கும் இயக்குநர் அம்மா மூன்று நாள் பயிற்சி வகுப்புக்குப் போனார். மனிதன் தன் கையால் ஒன்றைச் செய்தால்தான் மனம் தெளியும் என்று அங்கே யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சொன்னவர் நன்றாக இருக்கட்டும். திங்கட்கிழமை காலை சுற்றறிக்கை வந்துவிட்டது.

"பணியாளர் ஒவ்வொருவரும் வரும் வெள்ளியன்று, தம் கைப்படச் செய்த இனிப்பு ஒன்றைத் தக்க ஆவணங்களுடன் சமர்ப்பிக்க வேண்டும். தேர்வு பெறுபவரின் நிலுவைக் கோரிக்கை ஒன்று கனிவுடன் பரிசீலிக்கப்படும்."

கடைசி வரியைப் படித்ததும் என் பக்கத்து மேஜைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். தபால் பிரிவு. பதினொரு வருடமாக உறை ஒட்டுவதால் அவருக்குக் கோந்து என்று பெயர். அவருடைய மனைவி ரயிலில் ஒன்பது மணி நேரம் தள்ளியிருக்கும் ஊரில், உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். அந்த ஊருக்கு மாற்றல் கேட்டுக் கோந்து கொடுத்த மனு, நான்கு வருடமாக எங்கள் அலுவலகத்துக்குள்ளேயே மேஜை மேஜையாக மாற்றலாகிக்கொண்டிருக்கிறது. அவருடைய நான்கு வயது மகள், அப்பா என்றால் போனில் வரும் முகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கேட்கிற எனக்குத்தான் சிரிப்பு வராது.

சிக்கல் என்னவென்றால், கோந்துக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது.

"பிரவுனிக் கலவைன்னு சாக்லேட் கேக் மாவு பெட்டியில விக்கும், வாங்குங்க," என்றார் மனைவி போனில். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். "பின்னாடி எழுதியிருக்கிறத அப்படியே செய்யுங்க. சுற்றறிக்கை படிச்சுப் படிச்சு உங்களுக்குப் பழக்கம்தானே."

"கைப்படச் செய்யணும்னு போட்டிருக்கே?"

"பெட்டிய என்ன காலாலயா பிரிக்கப் போறீங்க? அடியில பிஸ்கட் மாவப் பரப்புங்க. நடுவுல க்ரீம் பிஸ்கட்ட வரிசையா அடுக்குங்க. மேல பிரவுனிக் கலவைய ஊத்துங்க. மூணு அடுக்கு இருந்தா எந்த ஆபீசரும் மேல கேக்க மாட்டாரு."

கோந்து வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மாவுடைய ஓவனில், வியாழன் மாலை, வேலை நடந்தது. பெட்டி முப்பத்தைந்து நிமிடம் என்றது. கோந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி ஓவன் முன்னால் வைத்துவிட்டு, முப்பத்தைந்து நிமிடமும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். வாசனை தெரு முனை வரை போனது. என்னைக் கேட்டால் அன்றைக்கே அவருக்கு மாற்றல் கொடுத்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை தேர்வுக் குழு கூடியது. இயக்குநர் அம்மா, கண்காணிப்பாளர், குறிப்பெடுக்க நான். கோந்து ஒரு தட்டையும் மூன்று உறைகளையும் வைத்தார். இணைப்பு ஒன்று, பிரவுனிக் கலவையின் காலிப் பெட்டி. இணைப்பு இரண்டு, முட்டை ஓடு. இணைப்பு மூன்று, வெந்துவிட்டதா என்று குத்திப் பார்த்த குச்சி.

"பெட்டிய ஏங்க வச்சீங்க?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"தக்க ஆவணங்களுடன்னு போட்டிருக்காங்களே."

கண்காணிப்பாளர் பெட்டியை இரண்டு விரலால் தூக்கினார். "அப்போ இதை நீங்க செய்யல. பெட்டி செஞ்சிருக்கு."

"முட்டை, எண்ணெய், தண்ணி நான் சேர்த்தேன் சார். கிளறினதும் நான்தான்."

"முட்டை நீங்க செஞ்சதா?"

"இல்ல சார், கோழி."

"குறிச்சுக்குங்க," என்றார் என்னிடம். குறித்துக்கொண்டேன்.

அந்த வழக்கை அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் கேக் கொண்டுவந்த கணக்கர், "நான் பெட்டியெல்லாம் வாங்கல, மாவிலேருந்து செஞ்சேன்," என்று வாயை விட்டார். மாவு எதில் வந்தது என்று கண்காணிப்பாளர் கேட்டார். பாக்கெட்டில். அதோடு கணக்கர் தொலைந்தார். இந்த நியாயப்படி பார்த்தால், கோதுமை விதைத்தவரைத் தவிர யாருமே போட்டியில் இல்லை என்று தெரிந்தது. இயக்குநர் அம்மா ஆழ்ந்து யோசித்தார். யோசிக்கும்போது கை தானாகத் தட்டுக்குப் போனது. மூன்று அடுக்கும் வாய்க்குள் போனபின் சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுல கைப்படச் செஞ்ச பங்கு நூத்துக்கு எவ்வளவுன்னு பரிசோதனைக் கூடத்துல கேட்டுடலாம்," என்றார்.

அப்படியே செய்தோம். ஒன்பது மணி நேரம் தள்ளியிருக்கும் அந்த ஊர்க் கூடத்துக்கே நான்கு துண்டுகள் டப்பாவில் போயின. அரக்கு வைத்து முத்திரை குத்தியவர் தபால் பிரிவுக் கோந்துதான். மறுவாரம் அறிக்கை வந்தது. கீழே இருந்த கையெழுத்து யாருடையது என்று கோந்துக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

"மாதிரி முழுமையாகப் பரிசோதிக்கப்பட்டது. மீதம் ஏதும் இல்லை. நான்கு வயதுக் குழந்தை ஒன்றும் பரிசோதனையில் உதவியது. கைப்படச் செய்த பங்கு: நூற்றுக்கு நூறு. முடிவை உறுதிசெய்ய, செய்தவரே இந்த ஊருக்கு வந்து நிரந்தரமாகத் தங்கி, அவ்வப்போது செய்துகாட்ட வேண்டியது அவசியம்."

கோந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அறிக்கையைக் கோப்பில் வைத்து நீட்டினேன். கண்காணிப்பாளர் கோப்பைப் புரட்டிவிட்டு, தெளிவான அறிக்கை என்று பாராட்டினார். அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. கோந்து நன்றிக்காக அதே இனிப்பைப் பெரிய தட்டு நிறையக் கொண்டுவந்திருந்தார். ஒட்டுமொத்த அலுவலகமும் அதைச் சுற்றி நின்றது.

மாலையில் ஆணை வெளியானது. கோந்து முதல் பரிசு பெற்றார். அவருடைய மாற்றல் கோரிக்கை கனிவுடன், மிகுந்த கனிவுடன், பரிசீலிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமைதோறும் அவர் இந்த அலுவலகத்துக்கு இன்றியமையாதவர் என்று பணியாளர் அனைவரும் ஒருமனதாகக் கருதுவதால், கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. குடும்ப நலன் கருதி, மாதம் ஒரு டப்பா அவருடைய மனைவியின் ஊருக்கு அரசு முத்திரையுடன் செல்லும்.

கோந்து ஆணையை இரண்டு முறை படித்தார். பிறகு என் மேஜைக்கு வந்தார்.

"அனைவரும் ஒருமனதாகன்னு போட்டிருக்கே," என்றார் மெல்ல. "நீங்களுமா கையெழுத்துப் போட்டீங்க?"

வாயில் மூன்றாவது துண்டு இருந்ததால் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.