கேக் மாஸ்டரின் வெறும்வயிற்றுப் பெரும்போர்

வாழ்க அவன்! வெண்ணுரைக் கிரீமின் வேந்தன். நூறு முட்டையை ஒரே மூச்சில் உடைத்தும் ஓட்டுத்துண்டு ஒன்றையும் உள்ளே விழவிடாத உறுதிக்கரத்தன். கூம்புப் பையைப் பிழிந்தால் பருவம் பாராமல் ரோஜா பூக்கச் செய்யும் ஐவிரல் அழகன். அகவை இருபத்தொன்பதுக்குள் இடுப்பு வாருக்கு இருமுறை புதுத்துளை போட்ட இளந்தொந்தி ஏந்தல்! தெருமுனை பேக்கரியின் கேக் மாஸ்டர் என்று உலகம் அழைக்கும் அம்மாவீரன், ஓர் இரவும் அதை ஒட்டிய ஒரு காலையும் எதையும் தின்னாமல் இருக்கப் புறப்பட்ட பெருங்கதையைச் சொல்லப் புகுகிறோம். நாவே, நீ எமக்குத் துணை நில். ஆனால் வாய்க்குள்ளேயே நில். இந்தக் கதையில் நீ வெளியே வந்த இடத்தில்தான் எல்லாம் கெட்டது.

அவன் எதிர்த்துப் புறப்பட்ட பகை யாதெனில், ஒரு துண்டுச் சீட்டு. பல்வலிக்கென்று போன இடத்தில் மருத்துவர் அவன் வயிற்றை ஒரு பார்வை பார்த்து, குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்டு, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த சீட்டு அது. நான்கு மாதங்களாக எட்டாக மடிக்கப்பட்டு, பர்ஸின் கடைசி அறையில், காலாவதியான பேருந்துப் பாஸுக்குப் பின்னால் அது சிறையிருந்தது. மும்முறை அவன் அதை எதிர்கொள்ளக் கிளம்பினான், மும்முறையும் புறமுதுகிட்டான். முதல்முறை, தும்மல் இரண்டு வந்ததைக் காய்ச்சல் என்று அறிவித்துப் போர்வைக்குள் பதுங்கினான். இரண்டாம் முறை, ஆய்வுக்கூடம் பூட்டியிருந்தது என்றான். அந்தத் தெருப் பக்கமே அவன் கால் போகவில்லை. மூன்றாம் முறை ஆய்வுக்கூடத்தின் வாசல்வரை சென்று, அங்கே நின்றபடி பையிலிருந்த பன் இரண்டைத் தின்றுவிட்டு, "அடடா, மறந்து சாப்பிட்டுட்டேனே" என்று வீடு திரும்பினான்.

கோழை என்று அவனைப் பழிக்காதீர். அவன் அஞ்சியது ஊசிக்கு அன்று. அவன் தந்தை, ஊரார் கைக்கடிகாரங்களின் நுண்சக்கரங்களைக் கண்ணருகே வைத்துப் பழுதுபார்த்த பெரியவர், தம் உடம்புக்குள் ஓடிய பழுதை மட்டும் நாற்பத்தெட்டு வயதுவரை பார்க்கவில்லை. பார்த்தபோது சர்க்கரை இரு கண்களையும் பாதிக்குமேல் தின்றுவிட்டிருந்தது. இன்று மாலைதோறும் மகன் வீட்டுக்குள் நுழைகையில், அவன் சட்டையில் ஒட்டியிருக்கும் வெனிலா மணத்தை வைத்தே, "வந்துட்டியாப்பா?" என்று அவர் கேட்கிறார். அந்த ஒரு கேள்வியில் நம் வீரனின் நெஞ்சு தினமும் ஒருமுறை உடையும். தனக்கும் அதுவே வருமோ என்ற பயம் அவனுக்கு. பார்க்காமல் இருந்தால் வராது என்பது அவன் கண்ட போர்த்தந்திரம்.

அத்தந்திரத்தை முறியடிக்க எழுந்தாள் அவன் மனையாள். மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். மருத்துவர்களின் கிறுக்கலையே கண்ணை மூடிக்கொண்டு படிக்கும் அவளுக்குக் கணவனின் முகத்தைப் படிப்பது ஒரு பொருட்டா? ஆறு மாதக் கருவைச் சுமந்த வயிற்றின்மேல் கைவைத்து, பர்ஸிலிருந்து மீட்ட சீட்டை மற்றொரு கையில் கொடிபோல் உயர்த்தி, அவள் முழங்கினாள்:

"எங்க கடைக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு உங்க வயசுதான். முன்னாடியே பாத்திருந்தா மாத்திரையே வேண்டாம்னு எத்தன பேரு புலம்பிட்டுப் போறாங்க தெரியுமா? நாளைக்கு நீங்க போறீங்க. நம்ம புள்ள பொறந்தா அது மூஞ்சிய நீங்க கண்ணால பாக்கணும். வாசனை புடிச்சு இல்ல."

அன்று இரவு ஒன்பதரைக்குக் கடைசிக் கவளத்தை உண்டு, வாய் கொப்பளித்து, "இனி ரத்தம் குடுக்கற வரைக்கும் தண்ணி மட்டும்தான். இது சத்தியம்!" என்று சூளுரைத்துப் படுத்தான் வீரன். மறுநாள் காலை பத்து மணிக்குள் ஆய்வுக்கூடம் போயாக வேண்டும். இடையில் ஒரே ஒரு தடை, அவன் வேலை.

எல்லாரும் காலையில் பட்டினியோடு வரிசையில் போய் நிற்பார்கள். இவனோ பட்டினியோடு பேக்கரிக்குள் போய் நின்றான். விடியற்காலையில் அடுப்பு வாய் திறந்ததும், தட்டுத்தட்டாய், அணியணியாய், பொன்முதுகு மின்ன வெளியே வந்தது பன் சேனை. அதன் ஆவி மூக்கில் ஏறி, வயிற்றின் கோட்டைக் கதவை இடித்தது. வயிறு உள்ளிருந்து பேரிகை கொட்டியது. அடுத்து பிளாஸ்கில் தேநீர் வந்தது. இஞ்சி நசுக்கிப் போட்டது. நம் வீரன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, அங்கே மாட்டியிருந்த தீயணைப்பு விதிகளை முதல் வரியிலிருந்து படித்தான். எட்டு ஆண்டுகளில் அவற்றை முழுதாகப் படித்த முதல் மனிதன் அவனே.

இவையெல்லாம் சிறுபடை. பெரும்படை இனிதான் வந்தது. அன்று ஒரு கல்யாண வீட்டுக்கு மூன்றடுக்குக் கேக், நாற்பத்தெட்டு ரோஜாக்கள், ஒன்பது மணிக்கு ஆள் வந்து நிற்கும். அந்தப் பேக்கரியில் மீறக்கூடாத நியதி ஒன்று உண்டு. கிரீமை அடித்தவன் தன் நாவால் சோதிக்காமல் அது கேக்கின்மேல் ஏறக்கூடாது. அதையும் கரண்டியால் சோதிக்கக்கூடாது. கரண்டியின் உலோக ருசி நாக்கை ஏமாற்றிவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கட்டைவிரல் நுனியில் ஒரு பொட்டு எடுத்து, நாக்கில் வைத்து, கண்மூடி ஒரு கணம் நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது முறை. எட்டு ஆண்டுகளாக அவன் கட்டைவிரலுக்கும் வாய்க்கும் இடையே அப்படி ஒரு ராஜபாட்டை போடப்பட்டிருந்தது. அதில் போக்குவரத்து ஒருநாளும் நின்றதில்லை.

நிறுத்தினான் வீரன். தன் நாவுக்குப் பதிலாக ஒரு தூதனை நியமித்தான். அடுப்பில் தட்டு மாற்றும் மூத்தவர், கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடித்தே நாக்கின் உணர்ச்சியை அடியோடு துறந்தவர், அந்தப் பெரும்பொறுப்பை ஏற்றார்.

"அண்ணே, இத நக்கிப் பாத்துச் சொல்லுங்க."

"நல்லாருக்கு."

"இனிப்பு கூடவா, கம்மியா?"

"அதான் நல்லாருக்குன்னு சொல்றேன்ல."

"அண்ணே, நீங்க போன மாசம் உப்பு மாத்திப் போட்டதையும் நல்லாருக்குன்னுதான் சொன்னீங்க!"

"அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. நீ ஏன் நக்கல?"

"இன்னிக்கு எனக்கு ரத்த டெஸ்ட்."

"டெஸ்ட்டா? உனக்கா? எனக்கு அம்பத்தாறு வயசு, ஒரு டெஸ்ட்டு எடுத்ததில்ல," என்றார் மூத்தவர், மூச்சு வாங்க ஒரு மாவு மூட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டு. தட்டைத் தூக்கினால் அவருக்கு இப்போதெல்லாம் அப்படித்தான். அது ஏன் என்று அவரும் கேட்டதில்லை. நம் வீரன் அவரை ஒரு நொடி பார்த்தான். பிறகு அவர் தீர்ப்பை ஓரமாக வைத்துவிட்டு, சர்க்கரையை எடைபோட்டு, கிரீமின் நிறம் பார்த்து, பையைக் கையிலெடுத்தான்.

அதன்பின் நிகழ்ந்த போரை என்னவென்பது! முதல் அடுக்கில் பதினாறு ரோஜாக்கள் பூத்தன. வயிறு பதினாறு முறை முனகியது. இரண்டாம் அடுக்கில் பதினாறு. கண்முன் பொட்டுப்பொட்டாய் ஒளி பறந்தது. மூன்றாம் அடுக்கில் அவன் ஏறியபோது விரல்நுனி, மணிக்கட்டு, முன்கை எங்கும் கிரீம் வழிந்தது. ஒவ்வொரு துளியும் 'என்னை நக்கு, என்னை நக்கு' என்று கூவியது. ஈரத்துணியால் அத்தனையையும் துடைத்தெறிந்து முன்னேறினான் அந்த இரும்பு நெஞ்சன். மணி எட்டே முக்கால். நாற்பது. மணி ஒன்பதுக்கு இரண்டு நிமிடம். நாற்பத்தெட்டு! கடைசி ரோஜாவின் கடைசி இதழ் சுருண்டு நின்றது. ஒருபடி பின்னால் நகர்ந்து, மூன்றடுக்கின் முழு வடிவத்தையும் கண்ணால் அள்ளிக்கொண்டு, பதினோரரை மணி நேரம் எதையும் தின்னாத பெருமிதத்தில் மார்பு விம்ம, பையைக் கீழே வைத்தான். வைக்கையில் பையின் மூக்கிலிருந்து ஒரு சொட்டு கட்டைவிரலில் விழுந்தது. நெஞ்சு அறியாமல், மூளை அறியாமல், வீட்டில் வயிற்றைப் பிடித்தபடி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளும் அறியாமல், அந்தக் கை எட்டாண்டு ராஜபாட்டையில் தானாக ஏறி, வாயை அடைந்து, நக்கிவிட்டு, கீழே இறங்கியது.

கண்மூடி ஒரு கணம் நின்றான். இனிப்பு சரியாக இருந்தது.

பிறகுதான் கண் திறந்தது. "ஐயையோ!" என்ற ஓலம் பேக்கரியின் தகரக் கூரையை அதிர வைத்தது. தொட்டிக்கு ஓடினான். துப்பினான், ஏழு முறை கொப்பளித்தான், விரலால் நாக்கை வழித்தான். விழுங்கியது விழுங்கியதுதான். கேக்கை வாங்க வந்திருந்த கல்யாண வீட்டார், இதைச் செய்தவன் தன் கிரீமை இப்படித் துப்புவதைக் கண்டு முகம் வெளுத்தார்கள். மூத்தவர் அவர்களுக்கு ஒரு பொட்டு கிரீமைக் கொடுத்து, "நல்லாருக்கு" என்று சான்று வழங்கினார்.

ஓலம் அடங்கியதும் நம் வீரனுக்குள் வேறொரு குரல் எழுந்தது. சின்னக் குரல், இனிய குரல்: 'போச்சு. இன்னிக்கு எடுக்க முடியாது. இதில் உன் தப்பு என்ன இருக்கு? வீட்டுக்குப் போ.' அதைக் கேட்டு அவனுக்கு உள்ளபடியே நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைக் கண்டதும் வெட்கமாக இருந்தது. மூன்று முறை பொய்யால் தப்பினான்; நான்காம் முறை உண்மையே வந்து தப்பிக்க வழிவிடுகிறது. ஆனால் இதை யார் நம்புவார்? பன் இரண்டை "மறந்து" தின்றவன், இன்று விரலை மறந்து நக்கினேன் என்றால், சொந்த மனைவி சிரிக்கக்கூட மாட்டாள். சும்மா தலையைத் திருப்பிக்கொள்வாள். அதுதான் அவனால் தாங்க முடியாதது.

மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். நடந்தான். இம்முறை வாசலில் நிற்கவில்லை, உள்ளே போனான். மணி ஒன்பதே முக்கால். இன்னொரு வழியும் இருந்தது: யாருக்கும் சொல்லாமல் கையை நீட்டிவிடலாம். ஒரு சொட்டுதானே! ரத்தம் எடுக்கும் பெண், கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, தினமும் நூறு பேரைக் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்:

"சாப்பிட்டீங்களா சார்?"

கூடமே மூச்சடக்கி நிற்பதாக அவனுக்குத் தோன்றியது. உண்மையில் பக்கத்து நாற்காலியில் ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து நின்று, அவைக்களத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் தளபதியின் குரலில் அறிவித்தான்:

"சாப்பிட்டேன் மேடம். கிரீம். ஒரு விரல். வேணும்னு இல்ல. சத்தியமா, கை தானா போயிடுச்சு!"

அவள் நிமிர்ந்து அவனை ஒருமுறை பார்த்தாள். சட்டைக் கையில் காய்ந்திருந்த ரோஜா நிறத்தைப் பார்த்தாள். சீட்டின் எட்டு மடிப்புகளையும் பிரித்து, நான்கு மாதத்துக்கு முந்தைய தேதியைப் பார்த்தாள்.

"இதுல ரெண்டு டெஸ்ட் எழுதியிருக்காங்க. ஒண்ணுக்கு வெறும் வயிறு வேணும், அதுக்கு நாளைக்கு வாங்க. இன்னொண்ணு கடைசி ரெண்டு மூணு மாசம் சர்க்கரை எப்படி இருந்துச்சுன்னு பாக்குறது. அதுக்குச் சாப்பிட்டாலும் ஒண்ணும் இல்ல. உக்காருங்க, கைய நீட்டுங்க."

"சாப்பிட்டாலும் எடுக்கலாமா? எப்பவுமே?"

"எப்பவுமே. இத்தன மாசமா உங்கள யாரு தடுத்தாங்க?"

அந்தோ! பதினோரரை மணி நேரப் பெருந்தவம், தீயணைப்பு விதிகள், துடைத்தெறிந்த துளிகள், எல்லாம் இந்த ஒரு சோதனைக்குத் தேவையே இல்லாதவை. அது ஓர் இரவின் வீரத்தைக் கேட்கவில்லை. மூன்று மாதத்துப் பன்களையும், தேநீர்களையும், நாளொன்றுக்கு நாற்பது விரல் கிரீமையும் அமைதியாகக் கணக்கெடுக்க வந்திருந்தது. தப்பிக்க வழியே இல்லை என்று தெரிந்தபோது, விந்தையாக, பயம் கொஞ்சம் தளர்ந்தது. கையை நீட்டினான். ஊசி எறும்பு கடித்த மாதிரி இருந்தது. தன் ரத்தம் குழாயில் ஏறுவதைக் கண்ணைத் திறந்துகொண்டே பார்த்தான்.

வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்து, கட்டைவிரல் முதல் கொப்பளிப்பு வரை ஒன்றையும் மறைக்காமல் ஒப்பித்தான். மறுமுனையில் மாத்திரை அட்டைகள் சரசரத்தன. பிறகு அவள் சொன்னாள்:

"நம்புறேன். பொய்யா இருந்தா இதைவிட நல்லதா சொல்லியிருப்பீங்க. நாளைக்கு வெரல்ல பிளாஸ்திரி சுத்திட்டுப் போங்க."

அவ்வாறே மறுநாள், துரோகி விரலுக்குப் பிளாஸ்திரிச் சிறை பூட்டி, வேலைக்குத் தாமதமாய் வர அனுமதி பெற்றுக் களம் புகுந்து, வெறும் வயிற்றோடு இரண்டாம் குருதியும் ஈந்தான் இளந்தொந்தி ஏந்தல். முரசுகளே, அதிர்க! மூன்றாம் நாள் மாலை, மூன்று தலைமுறையின் விதியைத் தாங்கிய ஒற்றைத் தாள் உறைக்குள் வந்து சேர்ந்தது. வெனிலா மணம் பிடித்து மகன் பக்கம் முகம் திருப்பிய தந்தை முன்னிலையில், வயிற்றுக்குள் ஒருமுறை உதைத்து இருப்பைத் தெரிவித்த மகவு முன்னிலையில், மருந்துக்கடைத் தேவி அதைத் தன் திருக்கரத்தால் பிரித்து, இமை கொட்டாமல் இறுதிவரை வாசித்தாள்.

சர்க்கரை வரப்போகிற எல்லையில் இருக்கிறது, தின்பதைக் குறைத்துக்கொண்டு தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார்கள், நடக்கிறான்.