நெட்டுக் கோடா, குறுக்குக் கோடா?

பள்ளிபாளையம்

மதிப்பிற்குரிய சம்பந்தி ஜெகதீஸ்வரன் அவர்களுக்கு,

பள்ளிபாளையம் சின்னண்ணன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும், என் மனைவி சௌந்திரமும், உங்கள் வீட்டிலிருந்து வந்திருக்கும் என் மகள் தனப்பிரியாவும், நம் பேத்தி அபிநயாவும் நலம். தம்மம்பட்டியில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும், தோட்டத்துப் பாக்கு மரங்களும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். நான் ஒரு வார்த்தை பேசினால் சௌந்திரம் பக்கத்தில் நின்று இரண்டு திருத்தம் சொல்கிறாள். ஆகவே கடிதம்.

புதுமனை புகுவிழா நெருங்கிவிட்டதைத் தாங்கள் அறிவீர்கள். வாசற்கதவைத் தவிர உள்ளே ஓர் அறைக்கும் கதவில்லை என்பதை அறியமாட்டீர்கள். குளியலறைக்கு என் பழைய வேட்டிதான் கதவு. காற்றடித்தால் அதுவும் இல்லை. இப்படியிருக்க, சம்பந்தி வீட்டாரை எந்த முகத்தோடு அழைப்பது?

பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்காக ஆசாரி ஜீவா மூன்று முழுக் கதவுகளைக் கொண்டுவந்து ஹால் சுவரோரம் நிறுத்தி, விழாதபடி ஆணியடித்துக் கயிறு கட்டினார். ஒன்று வழுவழு மொட்டைக் கதவு. ஒன்றில் மேலிருந்து கீழாகப் பள்ளக் கோடுகள். இன்னொன்றில் அதே பள்ளம் குறுக்கே. தறி ஓட்டிய ஆள் நான். துணிக்கு நெட்டாக ஓடும் பாவு நூல் மாதிரி கதவுக்கு நெட்டுக் கோடுதான் லட்சணம் என்றேன். "குறுக்க ஓடற ஊடை நூல் இல்லாம ஏதுங்கப்பா துணி? குறுக்குக் கோடே வெப்போம்" என்றாள் தனப்பிரியா. சௌந்திரம் ஒரே போடாகப் போட்டாள்: "பஞ்சு பறக்கற ஊர்ல அந்தப் பள்ளத்துத் தூசிய யாருங்க தொடைக்கறது? மொட்டைக் கதவே போதும்." நான் தொடைக்கறேன்னு சொன்னது தப்பாப் போச்சுங்க. அவ உள்ள போயி ஒரு சொம்பு அரிசி மாவக் கொண்டாந்து ரெண்டு கோட்டுக் கதவு மேலயும் வீசிட்டு, "எங்க, தொடைங்க பாக்கலாம்"ங்கறா. துணி பள்ளத்துக்குள்ள போகல, பிரஷ் வேணும்னேன். நான் பல்லு வெளக்கற பிரஷையே எடுத்து நீட்டிட்டா. மாவும் போகல, மறுநாள் பல்லும் வெளக்க முடியல. அதோட எங்கிட்டப் பேச்சையும் நிறுத்திட்டா.

அந்த மறுநாள்தானுங்க எங்க சித்தப்பா வீடு பாக்க வந்தாரு. செவுத்துல சாஞ்சிருந்த நெட்டுக் கோட்டுக் கதவ மெதுவாத் தட்டுனாரு. பதிலில்ல. இன்னொருக்காத் தட்டிட்டு, நாக்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. நான் காப்பியோட வந்து, "என்னங்க சித்தப்பா?"ன்னா, "ஒண்ணுமில்ல சாமி, உள்ள யாரோ குளிக்கறாங்க. வரட்டும், அவசரமில்ல"ங்கறாரு. சௌந்திரம் முந்தானையால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறா. ஆனாலும் எங்கிட்டப் பேசல.

நாங்க சித்தப்பாவையே பாத்துக்கிட்டு இருந்தப்ப, அபிநயா தவழ்ந்து போயி குறுக்குக் கோட்டுக் கதவுகிட்ட உக்காந்துருக்கறாளுங்க. கீழ்ப் பள்ளத்துல விரலச் செருகுனா. அதுக்கு மேல் பள்ளத்துல இன்னொரு கை. ஏணி ஏறற மாதிரி ஒவ்வொண்ணாப் புடிச்சு எந்திரிச்சு நின்னுட்டாளுங்க! மூஞ்சி பூரா மாவு. எங்களத் திரும்பிப் பாத்து ஒரு சிரிப்பு. "ஏனுங்க! பாருங்க, ஏனுங்க!"ன்னு சௌந்திரம் என் கையப் புடிச்சுக்கிட்டா. சித்தப்பா குளிக்கறவங்கள மறந்துட்டுக் கை தட்டறாரு. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சுங்க. ஜீவாவுக்கு சௌந்திரமே போன் போட்டுச் சொல்லிப்போட்டா: "எல்லா ரூம்புக்கும் குறுக்குக் கோடு. தூசிய நானே தொடச்சுக்கறேன்."

ஆகவே தாங்கள் குடும்பத்தோடு முந்தின நாளே வந்திருந்து, கதவைத் தாளிட்டு நிம்மதியாகக் குளித்து, எங்களைப் பெருமைப்படுத்த வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கமும் மாப்பிள்ளைக்கு ஆசிகளும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
சின்னண்ணன்

பி.கு.: கவர ஒட்டப் போறப்பத் தனப்பிரியா வந்து காதுல ஒரு சேதி சொன்னா. அபிநயா போன வாரமே உங்க ஊட்ல எந்திரிச்சு நின்னுட்டாளாமே! நீங்க போட்ட கூச்சல்ல தெருவே கூடிருச்சாமே! "அம்மாவப் பெத்த அப்புச்சி ஊட்லயும் இந்தச் சந்தோசம் இருக்கட்டும், ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது"ன்னீங்களாம். ரொம்பப் பெரிய மனசுங்க உங்களுக்கு. அங்க அவ புடிச்சு நின்னது ஒரு கோடுகூட இல்லாத வழுவழு பீரோவாம். ஜீவா இங்க பாதிக் கதவுகள அறுத்தாச்சு. சௌந்திரத்துக்கு இது தெரிஞ்சா மறுபடியும் மொட்டைக் கதவும்பா. அதனால விசேஷத்துக்கு வந்ததும் அவ நிக்கறதப் பாத்து, மொதமொதலாப் பாக்கற மாதிரியே கூச்சல் போடுங்க.